பெண் பார்க்க வந்த கண்ணாடி

தாம்பாளத்தில் ஆப்பிள் இருந்தது, சாத்துக்குடி இருந்தது, நிலக்கோட்டை மல்லிகை ஒரு பந்து இருந்தது. அவற்றுக்கு நடுவில், பழைய வேட்டியில் சுற்றி, கைக்குழந்தை அளவுக்கு ஒரு பொட்டலமும் இருந்தது.

காபித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்று நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

"பட்டுச் சேலையா இருக்கும்," என்று அம்மா என் காதில் சொன்னாள்.

"சேலைய இப்படியா சுத்துவாக? மாதா சுரூபமா இருக்கும்," என்றாள் சிசிலி அத்தை. என் அப்பாவின் அக்கா. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

மாப்பிள்ளையின் அப்பா ஆரோக்கியசாமிக்கு வத்தலக்குண்டில் ஏலக்காய் மண்டி. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயை வாங்கி வெளியூர் வியாபாரிகளுக்கு விற்பார். அவர் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடம் பாயசம் வைத்த வீடு போல மணக்கும். திண்டுக்கல்லில் எங்கள் முன்னறை அன்று அப்படித்தான் மணத்தது.

நான் குனிந்து காபி கொடுத்தேன். டம்ளரை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, அவர் பொட்டலத்தைப் பிரித்தார்.

சேலையும் இல்லை, மாதாவும் இல்லை. கண்ணாடி.

ஒரு முழ உயரம். ஒரு பக்கம் விரல் தடிமனில் நேராக ஏறும் குழாய். அது உச்சியில் வளைந்து, அகன்ற வாயுள்ள இன்னொரு குழாயோடு சேர்ந்தது. அந்த இரண்டாவது குழாய் கீழே வரவர ஒல்லியாகி, ஒல்லியான இடத்தில் தெர்மாமீட்டரில் இருப்பது போலக் கோடுகள். அதற்கும் அடியில் ஒரு கண்ணாடித் திருகு. திருகுக்குச் சற்று மேலேயிருந்து சன்னமான குழாய் ஒன்று புறப்பட்டு, சரிவாக ஏறி, மறுபடி முதல் குழாயிலேயே போய் ஒட்டிக்கொண்டது.

"ஆத்தா, நீ கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளைன்னு சொன்னாக. இது எதுக்கு உள்ள சாமான்னு சொல்லு பாப்போம்."

தெரியாது என்றேன்

இங்கே என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியாயிற்று. "அடுத்த வருசம் பாக்கலாம்மா" என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் கேட்டாயிற்று. அம்மா என் பட்டச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தாள். சனிக்கிழமை தோறும் இரண்டையும் ஒரே துணியால் துடைப்பாள்.

அந்தச் சான்றிதழ் என் தலைக்கு நேர் மேலே தொங்க, அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். எங்கள் சோதனைச்சாலையில் இப்படி ஒன்று இருந்ததில்லை. பாடப் புத்தகத்திலும் பார்த்த ஞாபகம் இல்லை.

"தெரியலைங்க மாமா," என்றேன்.

'மாமா' என்று கூப்பிடும்படி அம்மா காலையிலிருந்தே சொல்லிக்கொடுத்திருந்தாள். அது மட்டும் சரியாக வந்தது. அத்தை முந்தானைக்குள்ளிருந்து கையை நீட்டி என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

ஆரோக்கியசாமியோ நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "கேட்டியா ரோசம்மா! இத்தன வருசத்துல தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு இந்தப் புள்ளதான்!"

அவர் மனைவி ரோசம்மாள் அந்தக் கண்ணாடியை, மூத்தாளைப் பார்ப்பது போல் பார்த்தார். "காபி ஆறுது, குடிங்க," என்றார்.

ஆளுக்கொரு பெயர்

அந்தச் சாமான் அவர் வீட்டுக்கு வந்த கதையை அன்று அவரே சொன்னார்.

மலையில் ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். இவர் ஒரு நாற்காலிக்குக் கேட்கப் போய், நாற்காலி வேறொருவருக்குப் போய்விட்டது. வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் ஒரு மரப்பெட்டியை எடுத்துவிட்டார். பெட்டி நிறைய வைக்கோலும் கண்ணாடியும். லாரியில் ஏற்றி மலை இறங்குவதற்குள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒவ்வொன்றாக உடைந்தது. முழுசாக வத்தலக்குண்டு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான்.

"அம்புட்டும் ஒடஞ்சு இது மட்டும் தப்பிச்சிருக்குன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்ல?" என்றார்.

அன்றிலிருந்து விசாரணை தொடங்கியது. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காரர், சர்க்கரை வியாதி பார்ப்பதற்கு என்றார். மருந்துக்கடைக்காரர், வெளிநாட்டு எனிமா என்றார். கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் அகன்ற வாயில் ஊதிப் பார்த்துவிட்டு, 'ப' சுருதியில் நிற்கிறது, ஏதோ வாத்தியம்தான் என்று சத்தியம் செய்தார். நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர், அத்தர் எடுக்கும் குழாய் என்றார். இவரும் நம்பி, மல்லிகையைத் திணித்து, தண்ணீர் ஊற்றி, மூலையில் வைத்துக் காத்திருந்தார்.

"அத்தர் வந்துச்சா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வந்துச்சு வந்துச்சு," என்றார் ரோசம்மாள். "வந்த வாசத்துக்கு எலி எங்க செத்துக் கெடக்குன்னு வீட்டையே பெரட்டிப் போட்டுத் தேடினோம்."

எனக்கு முன்னால் அவர்கள் பார்த்த இரண்டு பெண்களுக்கும் இதே பரீட்சை நடந்திருக்கிறது. ஒருத்தி பி.காம். கண்ணாடியைக் கண்டதும் அழுதுவிட்டாளாம். இன்னொருத்தியின் அண்ணன், "பொண்ணு பாக்க வந்தீகளா, புதிர் போட வந்தீகளா?" என்று சண்டைக்கே வந்துவிட்டானாம். இத்தனையும் கேட்டுக்கொண்டு மாப்பிள்ளை ஜெயராஜ் தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், சுருட்டை முடி. பாவமாக இருந்தது.

எங்கள் வீட்டாருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "கொறமாசத்துப் புள்ளைக்குப் பால் குடுக்குறது," என்று அத்தை ஆஸ்பத்திரி அனுபவத்தோடு அடித்துச் சொன்னாள். அப்பா தனியார் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காதவரைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். கண்ணாடியையும் அப்படியே பார்த்துவிட்டு, "டீசல் திருடுறவன் இந்த மாதிரிதான் ஒண்ணு வச்சிருப்பான்," என்றார்.

எனக்கு அந்தச் சரிவுக் குழாய்மேல்தான் கண். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் குழாய். யாரோ யோசித்துச் செய்த வேலை. எது திரும்ப வர வேண்டும்? எது வரக்கூடாது?

தட்டை அம்மாவிடம் கொடுத்தேன். "ஒரு சொம்புல தண்ணி கொண்டாம்மா. காலிச் சொம்பு ஒண்ணு. தேங்கா எண்ணெயும் வேணும்."

"இப்ப எதுக்குடி எண்ணெய்?" என்றாள் அம்மா. குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

முன்னறையில் ஒரு சோதனை

அடுத்த கால் மணி நேரத்தில் எங்கள் முன்னறை இருந்த கோலத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மாப்பிள்ளை எழுந்து நின்று, இரண்டு கையாலும் கண்ணாடியைச் செங்குத்தாகப் பிடித்திருக்கிறார். அவர் காலடியில் என் அப்பா குந்தி உட்கார்ந்து, நேர்க்குழாயின் அடிவாய்க்கு நேராகக் காலிச் சொம்பை ஏந்தியிருக்கிறார். பட்டுச்சேலை கட்டிய மணப்பெண் ஸ்டூல்மேல் ஏறி நிற்கிறாள்.

அகன்ற வாயில் தண்ணீர் ஊற்றினேன். திருகு ஒழுகியது. அத்தை கைப்பையிலிருந்து வாஸ்லின் டப்பாவை எடுத்துத் தந்தாள். தடவி இறுக்கிவிட்டு மறுபடி ஊற்றினேன். கோடு போட்ட குழாய் நிறைந்தது. தண்ணீர் சரிவுக் குழாயில் ஏறி, மறுபக்கம் விழுந்து, அப்பாவின் சொம்பில் சொட்டியது.

"தண்ணி திரும்பி வந்துருது," என்றேன்.

பிறகு தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அது கோட்டுக் குழாயில் தண்ணீர்மேல் மிதந்தது. சொம்பில் சொட்டியது தண்ணீர் மட்டும். இன்னும் விட்டேன். இன்னும் தண்ணீர்தான் சொட்டியது. எண்ணெய் ஒரு துளிகூடத் திரும்பிப் போகவில்லை. திருகை மெல்லத் திறந்து அடித் தண்ணீரை வடித்ததும், எண்ணெய்ப் பத்தை அப்படியே கீழிறங்கிக் கோடுகளுக்கு நேராக வந்து நின்றது. அளந்து பார்க்கலாம் போல.

ஸ்டூலிலிருந்து குதித்தே இறங்கினேன்.

"மாமா, இது எண்ணெய் அளக்குற சாமான். அடியில ஒரு குடுவைய மாட்டி, உள்ள தண்ணியும் ஏதோ ஒரு சரக்கும் போட்டுக் கொதிக்க வைக்கணும். ஆவி இந்தப் பக்கம் ஏறும். மேல குளிர வச்சா சொட்டுச் சொட்டா இதுல விழும். தண்ணி குடுவைக்கே திரும்பிரும். சரக்குல இருக்குற வாசன எண்ணெய் மட்டும் இங்க தங்கும். எம்புட்டு இருக்குன்னு கோட்டப் பாத்துச் சொல்லிரலாம்."

ஆரோக்கியசாமி ஒரு விரலால் அந்தக் கோடுகளைத் தடவினார். சிரித்த முகம் எங்கேயோ போய்விட்டது.

"ஏலக்காய்லயும் எண்ணெய் இருக்கும்ல ஆத்தா?"

"இருக்கும் மாமா. அந்த வாசனையே அதான்."

அப்போதுதான் அவர் மனக்குறை வெளியே வந்தது. கொஞ்ச நாளாகவே கொச்சி வியாபாரிகள் இவர் சரக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, எண்ணெய் குறைவு என்று சொல்லி விலையை இறக்குகிறார்கள். போன லோடு அப்படியே திரும்பி வந்துவிட்டது. நல்ல சரக்கு என்று இவருக்குத் தெரியும். நிரூபிக்க வழி தெரியாது. இன்னொரு லோடு திரும்பினால் மண்டியைச் சாத்த வேண்டியதுதான். இத்தனை காலம் அந்தக் கண்ணாடி, வரவேற்பறை ஷோகேஸில், பிளாஸ்டிக் ரோஜாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"நிச்சயமாத்தான் சொல்றியா?"

"இல்ல மாமா. அடுப்புல ஏத்திப் பாத்தாத்தான் நிச்சயம்."

"அப்ப ஏத்திருவோம். மத்ததெல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கிருவோம்." எழுந்து கிளம்பிவிட்டார்.

அவர்கள் போனதும் அம்மா கேட்டாள். "மத்ததுன்னா என்னது?"

"கல்யாணந்தான்," என்றாள் அத்தை.

வாட்ச்மேன் டம்ளரோடு வந்தார்

நான் படித்த கல்லூரியில் ரெஜினா மேடம் எனக்கு வேதியியல் எடுத்தவர். விஷயத்தைச் சொன்னதும் ஒரு விடுமுறை நாளில் சோதனைச்சாலையைத் திறந்துவிட்டார். பழைய தடிப் புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி, இதே சாமானின் படத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதற்கு யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர். ஆரோக்கியசாமியின் வாயில் அது கடைசிவரை நுழையவில்லை. அவருக்கு அது 'ஏலக்காய்க் குழாய்'.

அவரும் ஜெயராஜும் ஒரு மஞ்சப்பை ஏலக்காயோடு வந்தார்கள். எனக்குத் துணையாக அத்தை ஜெபமாலையோடு வந்தாள்.

முதல் தடவை முழுக்காயாகப் போட்டுக் கொதிக்க வைத்தேன். குழாயில் எண்ணெய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆரோக்கியசாமி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அத்தை இரண்டாவது சுற்று ஜெபமாலையைத் தொடங்கினாள்.

"தட்டிப் போட்டா என்ன?" என்று ஜெயராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பாயசத்துக்கே தட்டித்தான போடுறோம்."

சரியான யோசனை. அவரே உரலில் இடித்துக் கொடுத்தார். ஆனால் இடித்த சரக்கு பொங்கும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. குடுவையிலிருந்து நுரை கிளம்பிக் குழாய்க்குள் பாய்ந்தது. எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, தீயைச் சின்னதாக வைத்து மூன்றாம் தடவை ஏற்றினோம்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். சொட்டு விழும், தண்ணீர் திரும்பும், இன்னொரு சொட்டு விழும். மெல்ல மெல்ல, தண்ணீருக்கு மேலே வெளுத்த மஞ்சளில் ஒரு வளையம் தெரிந்தது. தொட்டும் தொடாமலும் ஒரு கோடு. பிறகு தெளிவாக ஒரு பத்தை. அறை, வராந்தா, மாடிப்படி எல்லாம் ஏலக்காய் வாசம். கல்லூரி வாட்ச்மேன் கையில் டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னமும் விசேசமாம்மா?"

ஆரோக்கியசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். குழாயருகே குனிந்தார். "இருக்குடா," என்று அதனிடமே சொன்னார்.

அப்போது ஜெயராஜ் என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீகளே?"

"சொல்லுங்க."

"உங்களப் பாத்தா எனக்கு ரொம்ப மரியாதையா இருக்கு."

"சரி."

"மரியாதை மட்டுந்தாங்க இருக்கு." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பிளஸ் டூல கெமிஸ்ட்ரி எனக்கு ரெண்டு தடவ போயிருச்சு. நீங்க குடுவைய எடுக்குறப்ப எல்லாம், அடுத்து என்னைக் கேள்வி கேக்கப் போறீகன்னு கை வேர்த்துப் போகுது. காலம் பூரா எப்படிங்க வேர்த்துக்கிட்டே இருக்கிறது?"

ஒரு நொடி சுருக்கென்றுதான் இருந்தது. வேண்டாம் என்பதை யார் சொன்னாலும் சுருக்கென்றுதான் இருக்கும். அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

தூரத்திலிருந்து இதைப் பார்த்த அத்தை ஜெபமாலையை மடித்துப் பைக்குள் போட்டாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் சாமான்களைக் கழுவி வீடு திரும்புவதற்குள் எங்கள் தெருவுக்கே கல்யாணச் செய்தி தெரிந்திருந்தது. அப்பா மண்டபம் விசாரிக்கப் போயிருந்தார்.

பொண்ணு கேட்டு வந்தவர்

இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, "கூச்சப்படுறா" என்றார்கள். அந்த வாரமே ஆரோக்கியசாமி தனியாக வந்து இறங்கினார். அம்மா ஓடிப்போய்க் கேசரி கிண்டினாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "உங்க பொண்ணக் கேட்டுத்தான் வந்திருக்கேன்."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மண்டிக்கு," என்றார் அவர்.

"எந்தக் கோயில்ல வைக்கலாம்னு..." என்று அப்பா தொடங்கிப் பாதியில் நின்றார். "எதுக்கு?"

"மண்டிக்குங்க. வேலைக்கு. அந்தக் குழாய வச்சு எஞ் சரக்குக்கு எண்ணெய் பாத்துச் சொல்ல ஆளு வேணும்."

அடுக்களையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அம்மா கேசரித் தட்டோடு வெளியே வந்தாள். "ஏங்க, பொண்ணு பாக்க வந்துட்டு வேலைக்கு ஆள் கேக்குறீகளே, இது எங்கயாச்சும் உண்டுமா? தெருவெல்லாம் சொல்லியாச்சு!"

"எனக்கு மட்டும் வருத்தமில்லையாம்மா? பையன் மாட்டேன்னுட்டான். அவன் வேணாம்னு சொன்னா, நானும் இந்தப் புள்ளைய வேணாம்னு சொல்லணுமா?"

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய முடியாத பார்வை.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து முன்னறைக்கு வந்தேன்.

"நான் வாரேன். தண்ணிக் குழாயோட தனி ரூம் வேணும். இன்னொண்ணு, அளந்தா என்ன வருதோ அதத்தான் சொல்லுவேன். கொறஞ்சா கொறஞ்சதுன்னுதான் சொல்லுவேன். வியாபாரி முன்னாடியும் அதேதான்."

இரண்டாவது நிபந்தனை அவருக்கு உறைத்தது. கேசரியை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

"வியாபாரி முன்னாடியுமா?"

"அப்பத்தான நம்புவாக?"

"சரித்தா," என்றார். கேசரி வாய்க்குள் போனது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தார். பிறகு, "வத்தலக்குண்டுக்குக் காலைல நம்ம கம்பெனி வண்டி ஒண்ணு இருக்கு. அதுல போ. மத்தவன் கண்ட எடத்துல நிறுத்துவான்," என்றார். எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம்.

கொச்சிக்காரர்

மண்டிக்குப் பின்னால், சாக்கு அடுக்கும் அறையைக் காலி செய்து எனக்குக் கொடுத்தார்கள். குடுவையும் குளிர்விக்கும் குழாயும் மதுரையில் வாங்கினோம். ஜெயராஜ் அந்த அறை வாசலோடு நின்றுகொள்வார். அடுத்து வந்த தை மாதத்தில் அவருக்குக் கல்யாணம் ஆனது. பெண் தமிழ் இலக்கியம் படித்தவர். அந்தப் பரீட்சையெல்லாம் நடக்கவில்லை, குழாய்தான் என்னிடம் இருந்ததே.

என் முதல் பெரிய சோதனை கொச்சி வியாபாரி வந்த அன்றுதான். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. இரண்டு அடுக்கு மூட்டைகளிலிருந்தும் ஒவ்வொரு காயை எடுத்து நசுக்கி முகர்ந்தார். "எண்ணெய் போரா," என்றார். போதாது என்று அர்த்தம்.

"அளந்து பாத்துருவோமா?" என்றார் ஆரோக்கியசாமி. குரலில் தெம்பு இருந்தது. முகத்தில் அவ்வளவு இல்லை.

இரண்டு அடுக்கிலிருந்தும் கொச்சிக்காரர் கையாலேயே காய் எடுக்கச் சொன்னேன். ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, குடையைக் கால்களுக்கிடையே ஊன்றி, குழாயைப் பார்த்தபடியே இருந்தார். காபி வந்தது, மறுபடி வந்தது, சாப்பாடு வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒருமுறை திருகைத் தொட்டபோது என் விரல் வழுக்கியது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் அடுக்கு அருமையான சரக்கு. கோட்டை அவரே படித்தார். தலையை ஆட்டினார்.

இரண்டாவது அடுக்கில் எண்ணெய் நிஜமாகவே குறைவு. ஆரோக்கியசாமி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்கும் தெரியும்.

"இது கம்மிதாங்க," என்றேன்.

ஆரோக்கியசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். கொச்சிக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார். முதல் அடுக்கை ஆரோக்கியசாமி சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டாவதை விலை குறைத்துப் போடச் சொன்னார். அதையும் எடுத்துக்கொண்டார். அடுத்த லோடை முகர்ந்து பார்க்க வரமாட்டாராம், அந்தப் பெண் அளந்து சொன்னால் போதுமாம்.

நான் உள்ளே குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே மூட்டை தைக்கும் சத்தத்துக்கு நடுவே கொச்சிக்காரர் கேட்டார். "மருமகளாணோ?"

"இல்லைங்க," என்றார் ஆரோக்கியசாமி. "மருமக வீட்டுல இருக்கு. இவங்க எங்க கெமிஸ்டு."

அதுவரை அவர் வாயில் நான் 'ஆத்தா', 'புள்ள'. 'இவங்க' என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். சரியாகத்தான் கேட்டேனா என்று தண்ணீரை நிறுத்தினேன்.

"எந்தா?" என்றார் கொச்சிக்காரர். அவருக்கும் காதில் விழவில்லை போலிருக்கிறது.

"கெமிஸ்டுங்க!" என்று கத்தினார் ஆரோக்கியசாமி, மண்டித் தெரு முழுக்கக் கேட்கும்படி. "எம்.எஸ்ஸி.!"